ரம்பத்தின் அந்தப் பக்கம்

தஞ்சோங் ரம்புத்தான் போகிற வழியில், பழைய தோட்டத்தை அழித்துக் கட்டிய மலிவு விலை வீடுகளின் கடைசி வரிசையில், காலையில் ஒரு சத்தம் கேட்கும். சர்ர்... சர்ர்... என்று ஒரே தாளத்தில், அவசரமும் இல்லாமல் சோம்பலும் இல்லாமல். புதிதாகக் குடிவந்தவர்கள் என்ன சத்தம் என்று கேட்டால், எதிர்வீட்டு முத்தம்மா ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத்தான் பதில் சொல்வாள்.

"பத்துமலை அண்ணனும் மங்களம் அக்காவும் பலகை அறுக்கிறாங்க லா. புருசன் பொஞ்சாதின்னா அப்படி இருக்கணும். நானுந்தான் கல்யாணம் கட்டிக்கிட்டு வந்தேன், என்னா பிரயோசனம்?"

சொல்லும்போது அவள் பார்வை, உள்ளே நாற்காலியில் சாய்ந்து கைப்பேசியைத் தடவிக்கொண்டிருக்கும் தன் வீட்டுக்காரர் மேல் போய் விழும். அவர் அதைக் கவனித்ததில்லை.

முத்தம்மாவுக்குத் தெரியாத சேதி ஒன்று உண்டு. அந்த உத்தமமான புருசனும் பொஞ்சாதியும் ஒருவரோடு ஒருவர் பேசி மூன்று தீபாவளி ஆகிவிட்டது.

பேச்சு நின்றாலும் குடும்பம் நடந்தாக வேண்டுமே. அதற்குத்தான் தவுக்கே இருந்தது. அந்த ஊரில் முதலாளியைத் தவுக்கே என்பார்கள். இது பூனை. ஒரு வேலையும் செய்யாமல், மற்றவர்கள் செய்கிற வேலையைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததால் அந்தப் பெயர் வந்தது. பத்துமலை கோப்பியைக் குடித்து முடித்ததும் டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பூனையைப் பார்த்துச் சொல்வார்.

"தவுக்கே, நேரமாச்சி. வந்து புடிக்கச் சொல்லு."

மங்களம் அடுப்படியிலிருந்து அதே பூனைக்குப் பதில் கொடுப்பாள். "தவுக்கே, வாரேன்னு சொல்லு. ஒல கொதிக்குது."

பூனை இரண்டு பேரையும் பார்த்துக் கொட்டாவி விடும். சேதி போய்ச் சேர்ந்துவிடும். சாப்பாடு, மின்சாரக் கட்டணம், ஜொகூரில் கட்டிக்கொடுத்த மகள் பிரமிளாவின் பிரசவம், எல்லாமே அந்தப் பூனை வழியாகத்தான் பேசி முடிக்கப்பட்டன. பக்கத்து வீட்டார், பிள்ளை தூரத்தில் இருப்பதால் பூனை மேல் இவ்வளவு பாசம் என்று நினைத்துக்கொண்டார்கள். பூனையோடு குடும்ப விஷயம் பேசுகிறவர்களை எங்கே அனுப்புவது என்று பேராக் மாநிலத்தில் யாரைக் கேட்டாலும் மனநல ஆஸ்பத்திரி இருக்கிற தஞ்சோங் ரம்புத்தானைக் கைகாட்டுவார்கள். இவர்கள் இருப்பதே அங்கே என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

மங்களம் அந்தத் தோட்டத்திலேயே பிறந்தவள். பதினாறு வயதில் நெரை என்கிற மர வரிசையைப் பிடித்துப் பால் வெட்டப் போனவள். கித்தா என்கிற ரப்பர் மரத்தில் கத்தி கொஞ்சம் ஆழமாக இறங்கினால் மரத்துக்குக் காயம், மேற்பார்க்கிற தண்டல் வந்து கத்துவான். மேலாகப் போனால் மங்குக் கிண்ணத்தில் பால் விழாது, கணக்கு எழுதும் கிராணி வந்து கத்துவார். இரண்டு கத்தலுக்கும் நடுவே ஒரு மயிரிழை இடம் இருக்கிறது. அந்த இடத்திலேயே கையை வைத்திருக்க மங்களத்துக்குத் தெரியும். அவளுடைய நெரையில் பட்டைகள் சீப்பால் வாரியது மாதிரி இருக்கும். பிறகு கித்தாவை வெட்டி எண்ணெய்க்குச் செம்பனை போட்டார்கள், செம்பனையை வெட்டி வீடு போட்டார்கள். அந்த வீடுகளில் ஒன்றைத் தவணைக்கு வாங்கிக்கொண்டு இவர்கள் பழைய இடத்துக்கே புது முகவரியில் குடிவந்தார்கள்.

பத்துமலை ஈப்போ பக்கம் நாற்காலி மேசை செய்யும் ஆலை ஒன்றில் வேலை பார்த்தவர். பத்துமலை முருகனுக்கு வேண்டிக்கொண்டு பெற்ற பிள்ளை என்பதால் அந்தப் பெயர். மலையைப் போலவே அசையமாட்டார், இறங்கியும் வரமாட்டார். ஆலையை மூடியபோது மரத்தைக் கவ்விப் பிடிக்கிற ஒரு பெரிய இரும்பு வைஸையும் இழைப்புளிகளையும் கொண்டுவந்து, வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, அலமாரியும் சாமி மேடையும் செய்ய ஆரம்பித்தார். மரத்துக்குக் குறைவில்லை. இடிக்கிற தோட்டத்துக் கட்டடங்கள் சுற்றுவட்டாரம் எங்கும் இருந்தன. துரை பங்களா, ஆபீஸ், ஸ்டோர், எல்லாவற்றிலும் பழைய மெராந்திப் பலகை, கட்டை விரல் நீளத்துக்குத் தடிமனாக. அலமாரிக் கதவுக்கு அவ்வளவு தடிமன் வேண்டாம். நடுவே பிளந்தால் ஒன்று இரண்டாகும்.

ஆனால் பழைய பலகையில் ஆணி இருக்கும். வெளியே தெரிகிற ஆணியைப் பிடுங்கலாம், தலை உடைந்து உள்ளே புதைந்த ஆணியை யார் கண்டது? மர ஆலைக்காரர்கள் பலகையைப் பார்த்ததுமே கையை ஆட்டிவிட்டார்கள். ஒரு ஆணி போதும், மெஷினின் ரம்பம் அறுந்துவிடும். ஆகவே பத்துமலை பழைய காலத்து ஆள் என்பதாலோ கைவேலை மேல் காதல் கொண்டோ கையால் அறுக்கவில்லை. மெஷின் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை, அதனால் அறுத்தார்.

அதற்கு அவரே செய்துகொண்டது ஒரு சட்ட ரம்பம். நீளமான மரச்சட்டம், நடுவே விறைப்பாக இழுத்துக் கட்டிய தகடு. பலகையை வைஸில் நிமிர்த்திப் பூட்டி, இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் நின்று தள்ளி இழுக்க வேண்டும். இருவருக்கும் ஆளுக்கொரு கோடு. பத்துமலை தன் பக்கத்துக் கோட்டைத்தான் பார்க்க முடியும். அந்தப் பக்கத்துக் கோடு என்ன ஆகிறது என்பது அந்தப் பக்கம் நிற்பவருக்குத்தான் தெரியும்.

முதலில் அந்தப் பக்கம் நின்றவன் அவருடைய தம்பி யுகேந்திரன். அவன் ஒரு கண்ணால் கோட்டையும் ஒரு கண்ணால் பந்து விளையாட்டையும் பார்த்துக்கொண்டு இழுத்தான். பிளந்து வந்த பலகை ஒரு முனையில் அப்பளமாகவும் மறுமுனையில் வடையாகவும் இருந்தது. ஒருநாள் அவன் வரவில்லை. மங்களம் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து பிடியைப் பற்றினாள். மதியத்துக்குள் பலகை பிளந்து விழுந்தது. இரண்டு பாதிகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் எங்கேயும் தடிமன் கூடவில்லை, குறையவில்லை. பத்துமலை இரண்டையும் தடவிப் பார்த்தார். மறுநாள் தம்பியைக் கூப்பிடவில்லை, அவ்வளவுதான். அவர் ஒருவரைப் பாராட்டும் விதம் அது.

வருஷக்கணக்கில் அப்படியே போயிற்று. அறுக்கும்போது மங்களத்தின் கை திடீரென்று நிற்கும். பத்துமலையும் நிறுத்துவார். உளியை எடுத்து அந்த இடத்தில் தோண்டினால் உள்ளே துருப்பிடித்த ஆணி இருக்கும். ரம்பத்தின் பல் ஆணியைத் தொடுவதற்கு முன்னாலேயே மரத்தின் சத்தம் கொஞ்சம் மாறும், அது அவள் கைக்குத்தான் முதலில் தெரியும். பத்துமலைக்கு இது தெரியும். தெரியும் என்பது அவருக்குத் தெரியாது.

வினை தெலுக் இந்தானில் வந்தது. அந்த ஊரில் இருக்கிற மங்களத்தின் அண்ணன் அர்ச்சுணன் செம்பனை ஏற்றும் லோரி வைத்து முன்னுக்கு வந்தவர். பேத்திக்குக் காது குத்து வைத்திருந்தார். சீராகப் பத்துமலை ஒரு சின்ன அலமாரி செய்து கொண்டுபோயிருந்தார். அதன் கதவு இரண்டும் ஒரே பலகையைப் பிளந்து புத்தகம் போல விரித்துப் பதித்தவை. இந்தக் கதவில் ஓடும் மரக்கோலம், கண்ணாடியில் பார்த்தது மாதிரி அந்தக் கதவிலும் ஓடும். வந்தவர்கள் எல்லாரும் தடவிப் பார்த்தார்கள்.

"தனியாவா மாப்ள அறுத்தீங்க?" என்று கேட்டார் அர்ச்சுணன்.

"தனியாத்தான் மச்சான். அவ சும்மா அந்தப் பக்கம் புடிச்சிக்கிட்டு நிப்பா லா."

எல்லாரும் சிரித்தார்கள். பந்தியில் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த மங்களமும் சிரித்ததாகத்தான் பார்த்தவர்கள் நினைத்தார்கள். அவள் கரண்டியை வாளியில் போட்டாள். அன்று காலைகூட அவளுடைய தோள்பட்டையில் தைலத்தின் வாடை போகாமல் இருந்தது. தலைமுடிக்குள் போன மரத்தூளைச் சீயக்காய் போட்டு இரண்டு தடவை அலசிவிட்டு வந்திருந்தாள். சும்மா பிடித்துக்கொண்டு நின்றவள் தலையில் எப்படித் தூள் வரும் என்று அங்கே ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. அவளுக்கு அழுகை வந்தது. அண்ணன் வீட்டு விசேஷத்தில் அழக்கூடாது என்பதால் இன்னும் ஒரு வரிசைக்குக் குழம்பு ஊற்றினாள்.

திரும்பி வரும்போது காரில் பேசவில்லை. அவள் தூங்குகிறாள் என்று பத்துமலை நினைத்தார். மறுநாளும் பேசவில்லை. தலைவலி என்று நினைத்தார். மூன்றாம் நாள் அவருக்கும் ரோஷம் வந்தது. மங்களம் தன் மனசுக்குள் ஒன்றை முடிவு செய்திருந்தாள். யார் முன்னால் அந்தப் பேச்சைச் சொன்னாரோ, அவர்கள் காதில் விழும்படி, தன் வாயாலேயே அதை அவர் மாற்றிச் சொல்ல வேண்டும். மன்னிப்பு வேண்டாம், தங்கம் வேண்டாம். 'அவளும் அறுக்கிறாள்', இந்த இரண்டு சொல் போதும். ஆனால் அதைக் கேட்டு வாங்க அவள் தயாராக இல்லை. கேட்டு வாங்கினால் அதற்கு என்ன மதிப்பு?

வேலையை அவள் நிறுத்தவில்லை. நிறுத்தினால் பலகை கெடும், பலகை என்ன பாவம் செய்தது? இருவரும் வாய் மூடிக்கொண்டு அறுத்தார்கள். பேச்சு நின்றதும் வேலை இன்னும் சுத்தமாக வந்தது என்பதுதான் வேடிக்கை. பேசிக்கொண்டிருந்த காலத்தில் பாசாரில் காய்கறி விலை, பிரமிளாவின் மாமியார் என்று அவ்வப்போது ரம்பம் நிற்கும். இப்போது நிற்பதேயில்லை. தாமான் என்கிற அந்தக் குடியிருப்பு முழுக்க அந்தத் தாளத்தைக் கேட்டு உருகியது.

அப்படியிருக்கும்போதுதான் மாதுமை வந்தாள். ஈப்போவில் ஓய்வு பெற்ற அரசாங்க அதிகாரி தம்பிமுத்துவின் மகள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். பழைய கடைவீடுகளைத் தங்கும் விடுதியாக மாற்றிக்கொடுப்பது அவள் தொழில். அப்படி ஒரு விடுதியின் சுவரில் பதிக்க, பிளந்து விரித்த பலகைகள் வேண்டும் என்றாள். ஒரு துரை பங்களாவின் மாடிப்படிகளைக் கழற்றி அனுப்பவும் ஏற்பாடு செய்தாள். அந்தப் படிகள் வந்து இறங்கியபோது மங்களம் சிறிது நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். அது அவள் அப்பா வேலை செய்த தோட்டத்துப் பங்களா. அப்பா அந்தப் படிகளுக்குக் கீழே நின்றதோடு சரி, ஏறியதில்லை. இப்போது அவை அவள் கொட்டகையில் மழைக்கு ஒதுங்கிக் கிடந்தன.

மாதுமை ஒருநாள் அவர்கள் அறுப்பதைக் கைப்பேசியில் படம் பிடித்தாள். நடுவே மங்களத்தின் கை நின்றது, பத்துமலை நிறுத்தினார், உளி எடுத்தார், ஆணி வந்தது, மறுபடியும் அறுத்தார்கள். ஒரு சொல் இல்லை.

"ஆண்ட்டி, நீங்கள் ரெண்டு பேரும் ஒண்டுமே கதைக்கேல்லையே! எப்படி விளங்குது?" என்று கேட்டாள் மாதுமை. அவள் கண் கலங்கியிருந்தது.

மங்களம் பூனையைப் பார்த்தாள். பூனை வேறு பக்கம் பார்த்தது. "பழகிருச்சிம்மா," என்றாள் மங்களம்.

'வார்த்தை தேவைப்படாத அன்பு' என்று தலைப்பு வைத்து மாதுமை அதை இணையத்தில் ஏற்றிவிட்டாள். பிறகு அது எங்கெல்லாமோ போயிற்று. கோலாலம்பூரிலிருந்து ஒரு பெண் இதைப் பார்த்துவிட்டுக் கணவனை விட்டுப் பிரிகிற முடிவை மாற்றிக்கொண்டதாக எழுதியிருந்தாள். பிரமிளா ஜொகூரிலிருந்து போன் போட்டு, "அம்மா, அப்பாவோட பேசிட்டீங்களா?" என்று ஆவலாகக் கேட்டாள். "அதுக்கென்ன இப்ப," என்றாள் மங்களம்.

கோயில் தலைவர் தனேஸ்வரன் சும்மா இருப்பாரா? குடும்ப தின விழாவில் 'இலட்சியத் தம்பதி' விருது கொடுப்பதென்று செயலவை கூடி முடிவெடுத்தது. பத்துமலைக்குப் போக விருப்பமில்லை. "தவுக்கே, இதெல்லாம் நமக்கு எதுக்குன்னு சொல்லு." மங்களம் வழக்கத்துக்கு மாறாக உடனே பதில் கொடுத்தாள். "தவுக்கே, போவணும்னு சொல்லு. தெலுக் இந்தான்லேர்ந்து அண்ணனையும் வரச் சொல்லியிருக்கேன்."

மேடை இருக்கும், மைக் இருக்கும், எதிரே அண்ணன் உட்கார்ந்திருப்பார். இதைவிட நல்ல இடம் கிடைக்காது. எத்தனை அறிவில்லாத மனுஷனாக இருந்தாலும் மாலையைப் போட்டுப் பொஞ்சாதியைப் பக்கத்தில் நிறுத்தி வைத்தால் இரண்டு நல்ல சொல் வராமலா போகும்? அந்த ஒரு வாரமும் மங்களம் பலகை அறுக்கும்போதெல்லாம் அந்தச் சொல் எப்படிக் காதில் விழும் என்று நினைத்துப் பார்த்துக்கொண்டாள். விழாவுக்குக் கட்டிப்போக, பிரமிளா கல்யாணத்துக்கு எடுத்த பட்டுச் சேலையை வெயிலில் போட்டு எடுத்தாள்.

விழா நாளில் பொன்னாடை போர்த்தினார்கள், பெரிய பழக்கூடை கொடுத்தார்கள். தனேஸ்வரன் மைக்கைப் பத்துமலையின் வாய்க்குக் கிட்டே கொண்டுபோனார். "அண்ணே, இவ்வளவு ஒற்றுமைக்கு என்ன ரகசியம்? சபைக்குச் சொல்லுங்க."

பத்துமலை தொண்டையைச் செருமினார். "ரகசியமெல்லாம் ஒன்னும் இல்ல. நாங்க சண்டையே போட்டது கெடையாது."

கைதட்டல். பேசிக்கொள்ளாதவர்கள் எப்படிச் சண்டை போடுவார்கள் என்ற வகையில் அது உண்மைதான். மங்களம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வேலையை நான் பாத்துக்குவேன். அவ பக்கத்துல புடிச்சிக்கிட்டு நிப்பா. அவ்வளவுதான் லா."

முன்பைவிடப் பெரிய கைதட்டல். அதில் உரக்கத் தட்டியவர் முன் வரிசையில் இருந்த அர்ச்சுணன். மைக் மங்களத்திடம் வந்தது. "வணக்கம்," என்று சொல்லிவிட்டு மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். என்ன அடக்கம், என்ன அடக்கம் என்று பெண்கள் பக்கத்தில் பேசிக்கொண்டார்கள்.

மறுநாள் காலை பத்துமலை கோப்பி டம்ளரைக் கவிழ்த்தார். விடுதிக்கான கடைசி ஜோடி அன்றைக்கு. மாடிப்படியின் அடிப்பலகை, இருப்பதிலேயே அகலமானது. கோலமும் அதில்தான் அழகு. வாசலுக்கு இரண்டு பக்கமும் விரித்துப் பதிக்கப் போவதாக மாதுமை சொல்லியிருந்தாள். அதற்கு மாற்றுப் பலகை உலகத்தில் கிடையாது.

"தவுக்கே, நேரமாச்சி. வந்து புடிக்கச் சொல்லு."

"தவுக்கே, வாரேன்னு சொல்லு. இன்னிக்கி நல்லாவே புடிக்கிறேன்."

வந்தாள். பிடியைப் பற்றினாள். பத்துமலை தள்ளினார். ரம்பம் கொஞ்ச தூரம் போய் நின்றது. மறுபடி தள்ளினார். மங்களத்தின் கைகள் ரம்பத்தோடு வந்தன, போயின. இழுக்கவில்லை, தள்ளவில்லை, திருப்பவில்லை. மேடையில் சொன்னதை ஒரு எழுத்துகூட மீறாமல், சும்மா பிடித்துக்கொண்டு நின்றாள்.

சிறிது நேரத்திலேயே பத்துமலைக்கு வியர்த்து ஊற்றியது. ரம்பத்தைத் துணியால் துடைத்தார். மெழுகு தடவினார். பல்லைக் கூர் பார்த்தார். "தவுக்கே, இன்னிக்கி ரம்பத்துக்கு என்னா வந்துச்சி? ரொம்ப சுசாவா இருக்கே, நகரவே மாட்டேங்குது."

"தவுக்கே, ரம்பத்துக்கு ஒன்னும் இல்லைன்னு சொல்லு. நான் சும்மா புடிச்சிக்கிட்டுத்தான் இருக்கேன். சொன்னபடிதான்."

அப்போதுதான் பத்துமலைக்கு விளங்கியது. இழு என்று சொன்னால், இத்தனை நாளும் இழுத்தாள் என்று ஒப்புக்கொண்ட மாதிரி. சொல்லாவிட்டால் பலகை போய்விடும். மலை இறங்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே இன்னும் நாலு தரம் தள்ளியது.

மங்களத்துக்கு மட்டும் என்ன, சந்தோஷமா இருந்தது? அவள் பக்கத்துக் கோடு அவள் கண் முன்னாலேயே விலகிக்கொண்டிருந்தது. முதலில் நூலளவு, பிறகு நகத்தளவு. அவ்வளவு அழகான பலகை. ஒரு சின்ன இழுப்பு, மணிக்கட்டை லேசாக ஒரு திருப்பு, கோட்டுக்கு வந்துவிடும். கை துடித்தது. பால் வெட்டப் போன முதல் வருஷத்தில் ஒரு மரத்தை ஆழமாக வெட்டிவிட்டு அன்று முழுக்கச் சோறு இறங்காமல் இருந்தவள் அவள். இப்போது தெரிந்தே ஒரு மரத்தைக் கெட விடுகிறாள். வேண்டாம், இழுத்துவிடலாம் என்று நினைத்தாள். இழுத்தால் இந்த ஜன்மத்தில் அந்தச் சொல் கிடைக்காது என்றும் நினைத்தாள். கண்ணீர் வந்தது, துடைக்கக் கையை எடுக்கவில்லை. பிடிக்கச் சொன்ன கை.

"தவுக்கே, அந்தப் பக்கம் கோடு எப்படி இருக்குன்னு கேளு," என்றார் பத்துமலை. குரல் இறங்கியிருந்தது.

பூனை எழுந்து மாமரத்துப் பக்கம் போய்விட்டது.

பத்துமலை ரம்பத்தை விட்டார். பலகையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் வந்தார். அந்தக் கொட்டகையைக் கட்டியவர் அவர். ஆனால் வேலை நடுவில் அந்தப் பக்கம் வந்து நிற்பது அதுதான் முதல் தடவை. மங்களம் விலகி நின்றாள்.

கோடு போன கோலத்தைத்தான் முதலில் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். கொட்டகைக்கு மண் தரை. அவர் நிற்கிற பக்கம் வழித்து மெழுகியது மாதிரி சமமாக இருக்கும். இங்கே இரண்டு குழி இருந்தது. குதிகால் ஊன்றி ஊன்றி, வருஷக்கணக்கில் மண் இறுகிப் பளபளத்துப் போன இரண்டு குழி. சும்மா நின்றால் தரையில் குழி விழாது. அதைச் சுற்றிலும் மரத்தூள் குவிந்து கிடந்தது. பல் இந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது, இழுக்கிற இழுப்பில்தான் மரம் அறுபடும், தூள் இழுக்கிறவர் காலடியில்தான் விழும். ரம்பத்தைச் செய்து பல்லை வைத்தவர் அவர்தான். தூளை இத்தனை வருஷமும் கூட்டி அள்ளியது மங்களம், அதனால் அவர் பார்த்ததில்லை.

பத்துமலை செருப்பைக் கழற்றிவிட்டு அந்தக் குழிகளில் காலை வைத்துப் பார்த்தார். அவருடைய கால் அவற்றுக்குள் போகவில்லை.

சுற்றிலும் பார்த்தார். பூனை இல்லை.

"மங்களம்," என்றார்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த வாயில் தன் பெயரைக் கேட்டே எவ்வளவு நாளாகிவிட்டது.

"வந்து அறு."

"என்னா சொன்னீங்க?"

"அறுக்கச் சொன்னேன்."

"யாரை?"

"உன்னைத்தான். வேற யாரு இங்க அறுக்கிறா?"

மங்களம் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். நெஞ்சு நிறைந்து வந்தது. ஓடிப்போய் பிடியைப் பற்றிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் மூன்று தீபாவளி அவள் காத்திருந்தது ஒரு தகரக் கொட்டகைக்குள் கேட்பதற்காக அல்ல.

"தெலுக் இந்தானுக்கு போன் போடுங்க," என்றாள். "அண்ணன்கிட்ட சொல்லுங்க."

பத்துமலை போட்டார். ஒலிபெருக்கியில் வைக்கச் சொன்னாள், வைத்தார்.

"மச்சான், ஒரு விசயம். பலகையை அறுக்கிறது ஒங்க தங்கச்சிதான். நான்தான் இந்தப் பக்கம் தள்ளிக்கிட்டு நிக்கிறேன்."

அந்தப் பக்கம் அர்ச்சுணன் கடகடவென்று சிரித்தார். "மாப்ள! நேத்து மேடையில பேசுனதவிட இது நல்ல தமாசு!"

"தமாசு இல்ல மச்சான். நெசமாத்தான்."

"சரி சரி. தங்கச்சி பக்கத்துல நிக்கிறாளா? புரியுது, புரியுது. எங்க வீட்லயும் அப்படித்தான். நீங்க வைங்க." போன் நின்றுவிட்டது.

அண்ணன் நம்பவில்லை. பத்துமலை கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு, தேர்வில் விடையெழுதிவிட்டு மதிப்பெண் கிடைக்காத பிள்ளை மாதிரி அவளைப் பார்த்தார். மங்களத்துக்குச் சிரிப்பு வந்தது. அண்ணன் நம்பினால் என்ன, நம்பாவிட்டால் என்ன? சொல்ல வேண்டியவர் சொல்லிவிட்டார், இரண்டாம் தரம் வேறு நெசம் என்று சொன்னார். அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தன் குழிகளில் குதிகாலை ஊன்றினாள்.

"போங்க அந்தப் பக்கம். கீழ பாத்துத் தள்ளாதீங்க. ஒங்க வலது கை எப்பவும் தாழ்ந்துதான் போவுது. இத்தன வருசமா நான்தான் இழுத்து இழுத்து நேராக்குறேன்."

"என் கை தாழுதா? நீ இழுக்கிற இழுப்புல சட்டமே கழண்டுக்கும் போல இருக்கு, நான் ஏதாவது சொன்னேனா?"

"எங்க சொன்னீங்க? பூனைகிட்டத்தான் சொன்னீங்க!"

கோடு மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. பலகையில் ஒரு வளைவு நின்றுவிட்டது. இழைத்து, பின்னால் மெல்லிய ஒட்டுப்பலகை கொடுத்துச் சரிக்கட்டினார்கள். விடுதி வாசலில் பார்ப்பவர்களுக்கு அது ஆறு திரும்புகிற மாதிரி இருக்கிறதாம். அதன் முன்னால் நின்றுதான் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

அதன் பிறகு கொட்டகையில் வாய் ஓயவில்லை. மூன்று வருஷத்துக் கணக்கு சும்மாவா? அறுக்கும்போது ஒரு சண்டை, நிறுத்தினால் ஒரு சண்டை. காது குத்தில் ஆரம்பித்து, யுகேந்திரன் வழியாக, கல்யாணத்தன்று யார் யாரை முறைத்தார்கள் என்பதுவரை போகும். தாமான் முழுக்கக் கேட்கும். தவுக்கே தூங்குவதற்குப் பக்கத்து வீட்டுக் கூரையைத் தேடிக்கொண்டது.

தனேஸ்வரன் இலட்சியத் தம்பதி விருதை யாருக்கும் இனி அவசரப்பட்டுக் கொடுப்பதில்லை என்று செயலவையில் சொன்னாராம். முத்தம்மாவுக்குத்தான் மனசு கேட்கவில்லை. ஒரு காலை நேரம், கையில் உப்பும் மிளகாயுமாக வந்து மங்களத்தை முன் வாசலில் உட்கார வைத்தாள்.

"எல்லாம் அந்த வீடியோவால வந்தது அக்கா. ஊரு கண்ணு பூரா பட்டுருச்சி. எப்படி இருந்தீங்க ரெண்டு பேரும்! ஒரு வார்த்தை வெளிய கேக்காது. இப்ப என்னா ஆச்சி பாருங்க."

"ஆமாம்மா," என்றாள் மங்களம். சிரிப்பு வெளியே தெரியாமல் இருக்கத் தலையைக் குனிந்துகொண்டாள். முத்தம்மா மூன்று முறை சுற்றி, துப்பச் சொன்னாள். துப்பினாள்.

பின்னாலிருந்து பத்துமலையின் குரல் வரிசை வீடுகள் எல்லாவற்றையும் தாண்டிப் போயிற்று. "மங்களம்! நேரமாச்சி! அறுக்க வாரியா இல்லியா?"

"பாத்தீங்களா, பாத்தீங்களா, எப்படிக் கத்துறாரு," என்று முத்தம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

மங்களம் எழுந்திருக்கவில்லை. இன்னொரு தரம் கூப்பிடட்டும் என்று உட்கார்ந்திருந்தாள்.